சூராவும் சுறாவும்

எங்கள் சங்கரன்கோவிலில் இருந்து கடலைக் காண வேண்டுமானால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பயணம் செய்தாக வேண்டும். விசைத்தறி ஓசையிலேயே பிறந்து அந்த ஓசையிலேயே உறங்கிப் பழகிய எங்கள் பிள்ளைகள் அலையோசையை அறியாதவர்கள். அவர்களுக்குச் சுறா என்றால் சந்தையில் தொங்கும் கருவாடு. பிள்ளை பெற்ற வீட்டில் பூண்டு மணக்கக் கிளறும் புட்டு. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. உண்மையைச் சொன்னால், அவர்களுக்கு ஓதிக் கொடுக்கும் எனக்கும் அதற்கு மேல் தெரியாமல்தான் இருந்தது.

மாலை மக்தபில் அம்ம ஜுஸ்வின் சிறிய சூராக்களைப் பிள்ளைகளுக்குப் பொருளோடு கற்பிப்பது என் வழக்கம். ஒரு நாள் குறைஷ் சூராவை நடத்திக் கொண்டிருந்தேன். அந்தக் குலத்துக்குக் குறைஷ் என்ற பெயர் வந்ததற்குத் தஃப்ஸீர் நூல்களில் பல காரணங்கள் கூறப்பட்டுள்ளன. சிதறிக் கிடந்த குடும்பங்களை முன்னோரான குஸை மக்காவில் ஒன்று சேர்த்தமையால் ‘ஒன்று கூடியோர்’ என்னும் பொருளில் வந்தது என்பர் சிலர். வணிகம் செய்து பொருளீட்டியதால் வந்தது என்பர் வேறு சிலர். இன்னொரு செய்தியும் உண்டு. முஆவியா (ரலி) அவர்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் இந்தப் பெயரைப் பற்றிக் கேட்டபோது, கடலில் ‘கிர்ஷ்’ என்றொரு வலிய உயிரினம் உண்டு, அது மற்றவற்றைத் தின்னும், எதனாலும் தின்னப்படாது, வெல்லும், வெல்லப்படாது, அதிலிருந்து வந்ததே இப்பெயர் என்று அவர்கள் விளக்கியதாக அறிவிக்கப்படுகிறது. கிர்ஷ் என்பது இன்றைய அரபியில் சுறாவைக் குறிக்கும் சொல்.

இதைச் சொல்லி முடித்ததும் பின் வரிசையில் இருந்து ஒரு குரல் எழுந்தது.

“சூராவுக்குள்ள சுறாவா ஹஜ்ரத்?”

வகுப்பே சிரித்தது. கேட்டவன் ஒரு தறித் தொழிலாளியின் மகன், பத்து வயது. அவன் அத்தோடு நிற்கவில்லை. “எல்லாத்தையும் திங்கிற மீன்னா அது கெட்ட மீன்தானே? நம்ம நபி பிறந்த கூட்டத்துக்கு அந்தப் பேரை ஏன் வச்சாங்க? அல்லாஹ் ரஹ்மான்னா அதுக்கு எதுக்கு அவ்வளவு பல்லைக் கொடுத்தான்?” என்று அடுக்கினான்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. வகுப்பின் சிரிப்பு என்னைச் சீண்டியது. அவனை அழைத்துக் கையை நீட்டச் சொல்லிப் பிரம்பால் இரண்டு அடி கொடுத்தேன். “மார்க்கத்தில் விளையாட்டுப் பேச்சு பேசாதே” என்றேன். அவன் அழவில்லை. கையை அக்குளில் வைத்து இறுக்கிக் கொண்டு போய் அமர்ந்தான். அதற்குப் பின் பல வாரங்கள் அவன் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை.

நான் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். வினா எழுப்பியதற்காக எந்தப் பேராசிரியரும் என்னைத் தண்டித்ததில்லை. அந்த நினைவு இரவுகளில் என்னை உறுத்திக் கொண்டே இருந்தது.

எட்டயபுரத்தில் ஒரு நிறுத்தம்

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் தொடங்கப்பட்டது. இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் அந்நிறுவனத்துக்குத் தூத்துக்குடியிலும் ஒரு மையம் உண்டு. நிறுவனம் பிறந்த நாளை ஒட்டி, ஆய்வுக்கூடங்களையும் சேகரிப்புகளையும் பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் கண்டுகளிக்கத் திறந்து வைப்பது அதன் வழக்கம். அங்கே சுறாக்களையும் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டதும், ‘இதுவே நமக்கு வாய்த்த பரிகாரம்’ என்று எண்ணினேன். பெற்றோரிடம் பேசி ஒரு வேன் ஏற்பாடு செய்து, பதினான்கு பிள்ளைகளுடன் ஒரு பிப்ரவரி மாதக் காலையில் புறப்பட்டோம். துணைக்குப் பெற்றோர் இருவர் வந்தனர். அந்தப் பையனும் வந்தான். ஆனால் எனக்கு எட்டாத கடைசி இருக்கையில் போய் அமர்ந்து கொண்டான்.

கழுகுமலை, கோவில்பட்டி கடந்து எட்டயபுரத்தில் வேனை நிறுத்தச் சொன்னேன். எட்டயபுரம் என்றதும் பாரதி நினைவுக்கு வருவார். நம் சமுதாயத்தாருக்கு இன்னொருவரும் நினைவுக்கு வர வேண்டும். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பது அந்த மண்ணில்தான். மணிமண்டபத்தில் நின்று பாத்திஹா ஓதிய பின், பிள்ளைகளுக்கு ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ கதையைச் சொன்னேன். வேடன் வலையில் சிக்கிய பெண்மான், தன் கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் மன்றாடுகிறது. அண்ணலார் அந்த மானுக்காகத் தாமே பிணை நிற்கிறார்கள். மானும் சொன்ன சொல் தவறாமல் கன்றோடு திரும்பி வருகிறது.

கதையைக் கேட்டுப் பிள்ளைகளின் முகம் மலர்ந்தது. மானுக்காக இரங்குவது எளிது. அதன் கண்ணே இரக்கத்தை வரவழைத்துவிடும். சுறாவுக்காக யார் இரங்குவார்? அப்போது எனக்கு அப்படியொரு கேள்வி தோன்றவில்லை. பகல் கழிவதற்குள் தோன்றியது.

தோலும் பல்லும்

கண்காட்சியில் கண்ணாடிக் குடுவைகளில் மருந்து நீரில் இட்ட மீன்கள் வரிசை வரிசையாக இருந்தன. தலை இருபுறமும் சம்மட்டி போல் நீண்ட கொம்பன்சுறா. முகத்தில் இரம்பம் முளைத்தது போன்ற வேளாமீனின் அலகு. ஆள் நுழையும் அளவுக்கு விரித்து வைத்த ஒரு தாடை. பிள்ளைகள் அந்தத் தாடையைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினர். நானும்தான்.

விளக்கம் சொல்ல நின்ற அம்மையார் ஓர் ஆய்வாளர். அவர் முதலில் தாடையைப் பற்றிப் பேசவில்லை. காய்ந்த ஒரு தோல் துண்டை எடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, “தலையில் இருந்து வால் பக்கமாகத் தடவிப் பாருங்கள்” என்றார். வழவழவென்று இருந்தது. “இப்போது வாலில் இருந்து தலைப் பக்கமாக” என்றார். உப்புத்தாள் போல் சொரசொரத்தது. சுறாவின் தோலில் செதிலுக்குப் பதிலாக நுண்ணிய பற்களே பதிந்திருக்கின்றன. நீரைக் கிழித்துச் செல்ல அவை உதவுகின்றன. முற்காலத்தில் தச்சர்கள் மரத்தை இழைத்து மெருகேற்ற இந்தத் தோலைப் பயன்படுத்தினராம்.

பின்னர் அவர் சொன்னவை எல்லாமே எனக்குப் புதியவை. சுறாவின் உடலில் எலும்பே கிடையாது. நம் காது மடலில் இருப்பது போன்ற குருத்தெலும்புதான். மற்ற மீன்களுக்கு உள்ள காற்றுப்பை அதற்கு இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலே அது மூழ்கிவிடாதபடி துணை செய்கிறது. பல் விழுந்தால் பின்வரிசைப் பல் முன்னே நகர்ந்து வரும். வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்கள் இப்படி முளைத்து உதிரும். முகத்தில் உள்ள நுண்துளைகளால் மற்ற உயிர்களின் உடலில் எழும் மிக மெல்லிய மின்னோட்டத்தைக் கூட அது உணர்ந்துவிடும். மணலில் புதைந்து கிடக்கும் மீனும் அதற்குத் தப்பாது. உலகில் 500-க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உள்ளன. அவற்றின் மூதாதையர் இக்கடல்களில் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நீந்தியதற்குப் புதைபடிவச் சான்றுகள் இருக்கின்றன.

ஒரு சிறுவன், “யூனுஸ் நபியை விழுங்கினது இதுதானா ஹஜ்ரத்?” என்று என் காதில் கேட்டான். குர்ஆன் அதை ‘ஹூத்’ என்று மட்டுமே கூறுகிறது. அது பெரிய மீனைக் குறிக்கும் சொல். எந்த இனம் என்று நாம் முடிவு கட்ட வேண்டியதில்லை என்றேன். துணைக்கு வந்த பெற்றோரில் ஒருவர், “கோரைப்பல் உள்ள வேட்டை விலங்கு ஆகாது என்கிறீர்களே, இந்தச் சுறா மட்டும் எப்படி ஆகும்?” என்று கேட்டார். அந்தத் தடையைப் பெரும்பாலான இமாம்கள் தரைவாழ் விலங்குகளுக்கே உரியதாகக் கொண்டுள்ளனர் என்றும், சுறா மீன் இனமாதலால் நம் மத்ஹபுகளில் அது ஆகுமானது என்றும் விளக்கினேன். இந்த இரண்டு கேள்விகளுக்கும் எனக்கு விடை தெரிந்திருந்தது. விடை தெரிந்த இடத்தில் மனிதனுக்குக் கோபம் வருவதில்லை!

பிள்ளை பெற்ற வீட்டுப் புட்டு

ஒரு குடுவையின் முன் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். தாய்ச் சுறாவின் வயிற்றில் இருந்து எடுத்த குட்டிகள் அதில் இருந்தன. சுறாக்களில் சில முட்டையிடும். பல குட்டி போடும். நாம் பால்சுறா என்று வாங்கும் சிறிய இனத்தில், மனிதத் தாய்க்கு இருப்பது போலவே நஞ்சுக்கொடி உருவாகி, அதன் வழியே குட்டிக்கு உணவு செல்கிறது. பல இனங்களில் பத்து மாதம், ஓராண்டு என்று கரு வளர்கிறது. மற்ற மீன்கள் இலட்சக்கணக்கில் முட்டையிட, சுறாவோ பல ஆண்டுகள் வளர்ந்து பருவமடைந்து, ஒரு முறைக்குச் சில குட்டிகளையே ஈனுகிறது. பிடித்த வேகத்துக்கு அது பெருக இயலாது.

நம் வீட்டுப் பெண்மக்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்றையும் அந்த அம்மையாரிடம் கேட்டுக் கொண்டேன். பாலூட்டும் தாய்க்குச் சுறாப்புட்டு கொடுப்பது நம்மிடையே தலைமுறை வழக்கம். என் தாயாரும் உண்டார்; என் துணைவியாரும் உண்டார். சுறா புரதம் மிகுந்த உணவு என்பது உண்மை என்றார் அவர். ஆனால் கடலில் கலக்கும் பாதரசம் சிறு மீனில் இருந்து பெரிய மீனுக்குச் சென்று சேர்ந்து கொண்டே போகும். மற்ற மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் பெரிய சுறாக்களின் தசையில் அது மிகுந்திருக்கும். வளரும் குழந்தையின் மூளைக்கும் நரம்புக்கும் அது கேடு செய்யும். ஆகவே கருவுற்றவர்களும் பாலூட்டுவோரும் சிறு பிள்ளைகளும் பெரிய சுறாவைத் தவிர்ப்பதே நலம் என்றார். வீடு திரும்பி இதைச் சொன்னபோது, “இத்தனை காலம் தின்னவங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க!” என்று என் துணைவியார் வாதிட்டார். பிறகு சற்று யோசித்து, “பேத்தி வந்தா நெத்திலியும் சாளையுமே வாங்குங்க” என்றார்.

கடல்கட்டி

தூத்துக்குடிக் கடல் முத்துக்குப் பெயர் பெற்றது. 1961-இல் நடந்த சலாபத்தோடு அங்கே முத்துக்குளிப்பு முடிவுற்றது. கீழக்கரை முஸ்லிம்களும் பரதவ மக்களும் மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்கிய அந்நாட்களில், சுறாவைப் பற்றிய அச்சம் பெரிதாக இருந்தது. அந்த அச்சத்தை வைத்துப் பிழைத்தவர்களும் இருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கு வந்த மார்க்கோ போலோ, மீன்களை மந்திரத்தால் கட்டுவோர் முத்தில் இருபதில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்றதை எழுதி வைத்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மன்னார்ச் சலாபங்களில் ‘கடல்கட்டி’ என்ற பெயரில் அப்படிப்பட்டவர் இருந்தார். அவர் வந்து மந்திரம் சொல்லாவிட்டால் குளியாட்கள் கடலில் இறங்க மறுத்ததால், ஆங்கில அரசே அவருக்கு ஊதியம் அளித்தது!

வரலாற்று வகுப்பில் இதைப் படித்தபோது நான் சிரித்தேன். அன்று கண்காட்சியில் நின்றபோது சிரிப்பு வரவில்லை. அறியாத இடத்தில் அச்சம் புகுகிறது. அச்சம் புகுந்த இடத்தில் ஒருவன் மந்திரக்கோலோடு வந்து நிற்கிறான். விடை தெரியாத கேள்விக்கு நான் எடுத்த பிரம்பு எந்தக் கோலைச் சேர்ந்தது?

சுறாவால் உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு இறப்போர் சராசரியாக ஐந்தாறு பேர்தாம். மனிதனால் கொல்லப்படும் சுறாக்களோ, 2013-இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீட்டின்படி, ஆண்டுக்குப் பத்துக் கோடி அளவில் இருக்கும். 1970-க்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் பெருங்கடல் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 71 விழுக்காடு வீழ்ந்துவிட்டதாக 2021-இல் இன்னோர் ஆய்வு அறிவித்தது. துடுப்பை மட்டும் அறுத்தெடுத்துக் கொண்டு உயிரோடு உடலைக் கடலில் வீசும் கொடுமையும் உலகில் நடந்தது. துடுப்புச் சூப்பு சில நாட்டு விருந்துகளில் பெருமைக்குரிய பண்டமாம்! இந்திய அரசு 2001-இல் திமிங்கலச்சுறா, வேளாமீன் முதலிய பத்து இனங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. பின்னர் அந்தப் பட்டியல் நீண்டது. 2013-இல் துடுப்பை உடலோடு சேர்த்தே கரைக்குக் கொண்டு வர வேண்டும் என்று ஆணையிட்டது. 2015-இல் துடுப்பு ஏற்றுமதியையே தடை செய்தது. புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய ஒரு சுறா இனம் உண்டு. ஆய்வுக்காகச் சேகரிக்கப்பட்ட அதன் கடைசி மாதிரி 1979-ஐச் சேர்ந்தது.

இதற்கு மீனவரை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. ஆழ்கடலில் பல வாரங்கள் கிடந்து தூண்டில் போடும் குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் தம் பிள்ளைகளின் பசிக்காகவே உயிரைப் பணயம் வைக்கிறார்கள். விலை கொடுத்து விருந்து வைப்பவன் கரையில்தான் இருக்கிறான்.

‘தின்னும், தின்னப்படாது’ என்று அரபியர் வியந்த அந்த உயிரை இன்று தின்று தீர்ப்பது நாம்தாம். இந்த எண்ணம் வந்ததும் எட்டயபுரத்தில் சொன்ன கதை நெஞ்சில் வந்து நின்றது. இந்த உயிருக்கு யார் பிணை?

அந்தப் பையனின் கேள்வி

பிள்ளைகள் எல்லோரும் நகர்ந்த பின்னும் அவன் மட்டும் தாடையின் அருகே நின்றான். ஆய்வாளர் அம்மையார் அவனிடம், “என்ன தம்பி, கேள்வி இருக்கிறதா?” என்றார். அவன் என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். கேட்கலாமா என்று அனுமதி தேடும் பார்வை அன்று அது. அடி விழுமோ என்று அஞ்சும் பார்வை. இரண்டு அடியில் நான் அவனுக்குக் கற்பித்தது அதுதான்.

“கேள்” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“இதுக்கு எதுக்கு இவ்வளவு பல்லு?” என்றான்.

அம்மையார் சிரித்துக் கொண்டே, கடலில் நோயுற்றதையும் நலிந்ததையும் சுறா தின்பதால்தான் மற்ற மீன்கூட்டம் நலமாக இருக்கிறது என்றார். நடுத்தர மீன்கள் பெருகிச் சிறு மீன்களை அடியோடு அழித்துவிடாமல் காப்பதிலும் அதற்குப் பங்குண்டு. மீன்களிலேயே மிகப் பெரியதான திமிங்கலச்சுறா நாற்பது அடிக்கு மேல் வளரக் கூடியது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களையும் சிறு மீன்களையும் வடிகட்டி உண்டு வாழ்கிறது. மனிதனை ஒன்றும் செய்வதில்லை. “பல் இருப்பதெல்லாம் கெட்டதும் இல்லை, கடலில் ஒன்று குறைந்தால் எல்லாம் கெடும்” என்று முடித்தார்.

பையன் தலையாட்டினான். அவனுக்கு முழுதும் விளங்கியதோ இல்லையோ, என்னிடம் கேட்ட கேள்விக்கு யாரோ ஒருவர் விடை சொன்னதே அவனுக்கு நிறைவாக இருந்தது போலும்.

லுஹரைத் தூத்துக்குடிப் பள்ளிவாசல் ஒன்றில் தொழுதுவிட்டுப் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டினோம். கால் நனைத்து அவர்கள் கூச்சலிட்ட வேளையில், நான் கரையில் அமர்ந்து குறைஷ் சூராவை மனதுக்குள் ஓதினேன். எத்தனையோ முறை ஓதிய சூரா. அன்று அதன் முடிவு என்னைப் பிடித்து நிறுத்தியது. வலிமையால் பெயர் பெற்ற அந்தக் குலத்திடம் இறைவன் அவர்களுடைய வலிமையைப் பற்றிப் பேசவில்லை. பசித்தபோது உணவளித்ததையும் அச்சத்தில் இருந்து அபயமளித்ததையுமே நினைவூட்டுகிறான். வெல்லப்படாதவர் என்று பெயரெடுத்தவர்க்கும் உணவும் அபயமும் அவன் கொடுத்தவையே. அதை எழுத்துக்கு எழுத்து தஜ்வீதோடு ஓதிக் கொடுக்கும் நான், என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைக்கு அச்சத்தை அல்லவா கொடுத்தேன்!

மறுநாள் மக்தபில் அவனை எழுப்பி நிறுத்தி, எல்லாப் பிள்ளைகளும் கேட்கச் சொன்னேன். “அன்று நீ கேட்டது நல்ல கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததை ஒப்புக் கொள்ள வெட்கப்பட்டு உன்னை அடித்தேன். தவறு என்னுடையது. என்னை மன்னித்துவிடு” என்றேன். வகுப்பில் ஓசையே இல்லை. அவன் என்ன செய்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்தபடி நின்றான். பிறகு அமர்ந்தான்.

அவன் உடனே பழையபடி ஆகிவிடவில்லை. பதினைந்து நாள் கழித்து, ஃபீல் சூரா நடத்தும்போது பின்வரிசையில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. “அந்த யானை தானா வந்துச்சா, அடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்களா ஹஜ்ரத்?” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிரம்பு இப்போது கிதாபு அலமாரியின் மேல் கிடக்கிறது. இப்போதெல்லாம் அதை எடுப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். விடை தெரியாத கேள்விகளை அதில் எழுதிக் கொள்கிறேன். பக்கங்கள் வேகமாக நிரம்புகின்றன.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டவளுக்கு நரகமும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்கு மன்னிப்பும் உண்டு என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. மானுக்கு நின்ற பிணை கடலின் உயிருக்கும் உண்டு. நம்மைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கும் உண்டு. அந்தப் பொறுப்பை உணரும் நல்லறிவை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.